குரல் உயர்த்தாதவர்

எங்கள் குவாட்டர்ஸில் எல்லா அப்பாக்களும் கத்துவார்கள். காலை முழுக்க அணிவகுப்புத் திடலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டைகள் அவை; வீட்டுக்கு வந்த பிறகும் அடங்கத் தெரியாது. சோறு குழைந்துவிட்டது என்பதைக்கூட என் அப்பா அடுத்த பிளாக்குக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். பட்டாளத்து முகாமில் அது யாருக்கும் பெரிதாகப் படுவதில்லை. சத்தம் இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

மேல்மாடி சார்ஜன் மாமா ஒருவர்தான் கத்தாதவர். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அதனால் பெயரை எழுதவில்லை.

கோலா சிலாங்கூர் டவுனிலிருந்து வடக்கே போகிற சாலையில், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் எங்கள் முகாம் இருந்தது. சுற்றிலும் முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகச் செம்பனை மரங்கள், இந்தப் பக்கம் வரிசை வரிசையாகப் பச்சை லோரிகள். உள்ளே குடும்பங்களுக்கென்று மாடி வீடுகள். தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். நாங்கள் கீழ்வீடு, மாமாவும் அத்தையும் எங்களுக்கு நேர் மேலே. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அப்பா லோரி ஓட்டுநர். லோரிப் பிரிவுக்கு மாமாதான் சார்ஜன். யாருக்கு எந்த லோரி, யாருக்கு எந்த நேரம் வேலை, யாருக்கு லீவு என்பதெல்லாம் அவர் சொல்வதுதான்.

ஒல்லியான மனிதர். கால்சட்டை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். கிட்டே வந்தால் குட்டிக்கூரா பவுடர் வாசம் வரும். சின்னப் பிள்ளையோடு பேசினாலும் கொஞ்சம் குனிந்து, கண்ணைப் பார்த்து, பக்கத்தில் யாரோ தூங்குவது போலப் பேசுவார். எதையும் ஒரு தரம்தான் கேட்பார். பதில் வராவிட்டால் சிரித்துக்கொண்டே, "அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்" என்பார்.

ஒரு சாயங்காலம் பையன்கள் உதைத்த பந்து அவர் வீட்டு அடுக்களைக் கண்ணாடியை உடைத்துவிட்டது. மாமா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"யாரு?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை.

"அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி நின்றுகொண்டார். அவர் நிற்கும்போது நாங்கள் எப்படிப் போவது? ஓரத்தில் கோடு கிழித்து நொண்டி விளையாடிக்கொண்டிருந்த நாங்கள் சில பெண் பிள்ளைகளும் அப்படியே நின்றோம். வெயில் செம்பனை மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. கொசு கடித்தது. யாருடைய அம்மாவோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; கூப்பிடப்பட்ட பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடி இறக்குகிற ஊதல் கேட்டு ஓய்ந்தது. கடைசியில் எங்களில் ஆகச் சின்னவன், முதலாம் வகுப்புப் பையன், கால்சட்டையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு அழ ஆரம்பித்தான். "நான்தான் மாமா" என்றான். அவன் அன்றைக்குப் பந்தைத் தொடவே இல்லை. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மாமா குனிந்து அவன் கையில் பந்தைக் கொடுத்தார். தலையைத் தடவினார்.

"பாத்தியா, எவ்வளவு சுலபம்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி குவாட்டர்ஸ் பெண்கள் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். கண்ணாடி உடைந்ததற்கு வேறு யாராவது என்றால் பெல்ட்டைக் கழற்றியிருப்பார்கள். "அடிச்சாரா, ஏசுனாரா? ஆம்பளன்னா அப்படி இருக்கணும்லா" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். என் அம்மாவும் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு நாய் வந்தது. வேலி ஓட்டை வழியாகத் தோட்டத்திலிருந்து வந்த செவலை நாய். மாமா அதற்குச் சோறும் கோழி எலும்பும் பிசைந்து பிளாக்குக்குப் பின்னால் வைப்பார். "இரு" என்பார். நாய் உட்காரும். எச்சில் ஒழுகும். மாமா மாடிக்குப் போய், புதுக் கண்ணாடி போட்ட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். விரலைச் சொடுக்கினால்தான் அது சாப்பிடலாம். ஒரு தரம் மழையே வந்துவிட்டது. சோறு தண்ணீரில் மிதந்தது. நாய் நகரவில்லை. சொடுக்குச் சத்தம் கேட்டதும் மிதந்த பருக்கைகளை நக்கித் தின்றது. நாங்கள் கைதட்டினோம்.

பிறகு மாமா வேறு முகாமுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். அத்தைதான் சோறு கொண்டுவந்து வைத்தார். நாய் உட்கார்ந்தது. சாப்பிடவில்லை.

"அவரு இல்ல. சாப்புடு" என்றார் அத்தை. ஒரு கவளத்தை எடுத்து அதன் வாயருகே நீட்டினார். நாய் அத்தையைப் பார்க்கவில்லை, ஜன்னலையே பார்த்தது. அத்தை விரலைச் சொடுக்கிப் பார்த்தார். அவருக்குச் சொடுக்க வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். எறும்பு மொய்த்த சோற்றை அத்தை அள்ளிக் கொட்டினார். கொட்டிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா திரும்பி வந்ததும் நாங்கள் ஓடிப்போய்ச் சொன்னோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"நான் இல்லாதப்பவும் நான் இருக்கேன், பாத்தீங்களா" என்றார்.

அத்தையைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. வந்த புதிதில் சிரித்தால் கீழே எங்களுக்குக் கேட்கும் என்று அம்மா சொல்வார். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் மேல்வீட்டிலிருந்து நாற்காலி நகர்கிற ஓசைகூட வந்ததில்லை.

ஒரு மத்தியானம் அம்மா பொரித்த மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். மாடிக்குப் போனேன். அத்தை வீட்டு வாசலில், வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். வெறும் காலோடு. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, வெளிய நிக்கிறீங்க?"

"சும்மாதான் பாப்பா. காத்து வாங்குறேன்."

அந்தப் படிக்கட்டில் காற்றே வராது.

மாமா பேப்பரை இறக்கினார். "பாப்பாவா? உள்ள வா. பிஸ்கட் இருக்கு."

நான் அத்தையைத் தாண்டி உள்ளே போனேன். மாமா டின்னைத் திறந்து நீட்டினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டு, "அத்தைக்கு?" என்றேன்.

"அத்தைக்கு ஒரு விஷயம் ஞாபகம் வரணும். வந்தோன உள்ள வந்துருவாங்க" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்து, "அவசரமில்ல" என்றார்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஏறினார். நானும் பின்னால் போனேன். அத்தை அதே இடத்தில் நின்றிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. அம்மா தண்ணீரை நீட்டினார். அத்தை உதட்டை மட்டும் அசைத்து, உள்ளே கேட்காத மாதிரி சொன்னார்:

"வேணாக்கா. நீங்க போயிருங்க. நீங்க நின்னா நேரம் கூடும்."

அம்மாவுக்கு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. துணி காயப்போடும் இடத்தில், போர்வைக்குப் பின்னால் நின்று அத்தை துண்டு துண்டாகச் சொன்னது. நீ இன்றைக்கு ஒரு தப்புப் பண்ணியிருக்கிறாய், என்ன தப்பு என்று நீயே சொல் என்பாராம் மாமா. அத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாராம். குழம்பில் உப்பு. மடிக்காத துண்டு. வாசலில் நின்று பேசியது. மாமா தலையை ஆட்டி, அது இல்லை என்பாராம். சரியானதைச் சொல்கிற வரைக்கும் நிற்க வேண்டும். சரியானது என்று ஒன்று இருந்ததா என்பதே அத்தைக்குத் தெரியாது.

அப்பாவிடம் அம்மா சொன்னபோது நான் பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அடிக்கிறாரா?" என்றார் அப்பா.

"இல்ல."

"குடிச்சிட்டு வந்து ஏசுறாரா?"

"இல்ல."

"அப்ப என்னான்னு போயி சொல்லுவ? பொண்டாட்டிய நிக்க வைக்கிறாருன்னா?"

"ஆமா. அதத்தான் சொல்லுவேன்."

"என் லோரி அவரு கையில இருக்கு, ஞாபகம் வச்சுக்க" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் கத்தவில்லை.

அம்மா போய்ச் சொல்லத்தான் செய்தார். குவாட்டர்ஸ் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிற ஓர் அதிகாரியின் மனைவியிடம். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். உடம்பில் காயம் இருக்கிறதா என்றார். இல்லை. சாப்பாடு போடாமல் வைக்கிறாரா? இல்லை. தன் வீட்டுக்காரர் கத்துகிற கத்தலுக்கு இது எவ்வளவோ தேவலை என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு தட்டு பலகாரம் கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரத்திலேயே அப்பாவுக்குச் சாயங்கால வேலை போடப்பட்டது. அப்பா லோரியை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் மாமா படியிறங்கி வந்தார். எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி போடவா அண்ணே?" என்றார் அம்மா.

"போடுங்க தங்கச்சி."

குடித்தார். கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"யாருகிட்டயோ என்னமோ பேசுனீங்களாம். என்னான்னு நான் கேக்கல. நீங்களே சொல்லுவீங்க. அவசரமில்ல, நான் இங்கதான் இருக்கேன்."

அம்மா சமைத்தார். எனக்குச் சோறு போட்டார். பாத்திரம் கழுவினார். டிவியில் செய்தி தொடங்கி முடிந்தது. மாமா உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அம்மா அந்த நாட்களில் எதைத் தொட்டாலும் தீய்ந்தது. நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதையோ சொல்ல வாயெடுப்பார், என்னைப் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார்.

ஒரு நாள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார். நான் நடுவில் தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதினேன். கூரை விசிறி மட்டும் சுற்றியது. முதலில் எழுந்தது மாமாதான். சிரித்தார். "நல்லது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மேலே போனார். அம்மா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனார். தீக்குச்சி மேல் தீக்குச்சியாக உரசினார். ஒன்றும் பற்றவில்லை.

அவர் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் மாடிப்படியில் அத்தை நிற்கிற நேரம் கூடியது. காலையில் நான் பல் விளக்கும்போது நின்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் நின்றார்.

பள்ளிக்கூடத்துக்கு எங்களை முகாம் லோரியில்தான் அனுப்புவார்கள். பின்பக்கம் இரண்டு ஓரமும் பலகை போட்டிருக்கும். மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஏறுவோம். டவுனில் அவரவர் பள்ளியில் இறக்கிவிடுவது அப்பாவின் வேலை. ஒரு திங்கட்கிழமை அம்மா என்னோடு லோரி வரைக்கும் வந்தார். வழக்கமாக வரமாட்டார். கையில் ஒரு துணிப்பை இருந்தது.

அத்தை குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். குப்பைத் தொட்டியில் போட்டார். திரும்பி மாடிக்குப் போகாமல் நேராக லோரியை நோக்கி நடந்தார்.

"பாப்பா, கையக் குடு."

கொடுத்தேன். ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா துணிப்பையை அவர் மடியில் வைத்தார்.

அப்போது லோரிக் கொட்டகைப் பக்கமிருந்து மாமா வந்தார். ஓடிவரவில்லை. சரளைக் கல்லில் பூட்ஸ் மிதிபடும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. லோரியின் பின்பக்கம் வந்து நின்றார்.

"எறங்கு" என்றார்.

அத்தை அசையவில்லை.

"அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அத்தையின் தொடை என் தொடையோடு ஒட்டியிருந்தது. அது பலகையை விட்டு மேலெழுவதை உணர்ந்தேன். அவர் எழ நினைத்ததாகத் தெரியவில்லை. முகம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு மட்டும் எழுந்துகொண்டிருந்தது. நான் அவர் அங்கியைப் பிடித்து இழுத்தேன். என் பலம் போதவில்லை.

அம்மா மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. முன்பக்கம் நடந்து போய் அப்பாவிடம் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது.

"பிள்ளைங்களுக்கு மணியாவுது. லோரிய எடுங்க."

அப்பா கண்ணாடியில் பார்த்திருப்பார். அதில் தன் சார்ஜன் நிற்பது தெரிந்திருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா எவ்வளவு நேரம் யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து ஒரு தரம் கேட்டபோது, "நான் எங்க எடுத்தேன். கால் அதுவா அமுக்குச்சு" என்றார். லோரி குலுங்கி நகர்ந்தது. அத்தை தடாலென்று பலகையில் விழுந்தார்.

மாமா பின்னால் ஓடிவரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே சிறியவராகிக்கொண்டே போனார். கேட்டில் காவலுக்கு நின்றவர் தடுப்புக் கம்பைத் தூக்கினார். லோரி செம்பனை மரங்களைத் தாண்டி டவுனுக்குள் நுழைந்தது. நிறுத்தக் கூடாத இடத்தில், பஸ் நிலையத்துக்கு முன்னால், அப்பா லோரியை நிறுத்தினார். அத்தை இறங்கிக் கிள்ளான் பஸ்ஸில் ஏறினார். எங்களுக்குக் கை காட்டவில்லை.

அப்பாவிடமிருந்து லோரி பிடுங்கப்பட்டது. அடுத்த மாதமே எல்லைப் பக்கம் மாற்றல். நாங்கள் குவாட்டர்ஸைக் காலி செய்து, புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அப்பா லீவுக்கு வருகிறவராக ஆனார். வந்தாலும் அம்மாவோடு சரியாகப் பேசமாட்டார். என் பள்ளிக்காலம் முடிகிற வரைக்கும் அப்படித்தான்.

அதற்கு மேல் மாமா எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டைத் தேடி வந்தார். பிஸ்கட் டின்னோடு வந்து உட்கார்ந்து, முறுக்கு சாப்பிட்டார். "ஒரு நாளைக்குச் சொல்லுவீங்க தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இறந்த வருடமும் வந்தார். அம்மா என்னோடு புக்கிட் செந்தோசாவுக்குக் குடிவந்த பிறகும் வந்தார். விலாசம் யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அத்தை இருக்கும் ஊர் அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அங்கே அவர் ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்த்து, இப்போது ஓய்வாக இருக்கிறார். அம்மாவும் அவரும் வருடத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ போனில் பேசிக்கொள்வார்கள். அம்மா படுக்கையில் விழுந்தபோது என்னிடம் சொன்னார்: "நான் செத்தா அவளுக்குச் சொல்லாத. வந்துருவா. அவரும் வருவாரு."

அம்மா இறந்தார். நான் அத்தைக்குச் சொல்லவில்லை. கருமாதிக்கு மாமா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கால்சட்டை மடிப்பு அப்படியே இருந்தது. படத்துக்கு முன்னால் கும்பிட்டார். வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகு நான் அவரிடம் போனேன்.

"அம்மா போயிட்டாங்க மாமா. இனிமே நீங்க கேக்கறதுக்கு ஆளு இல்ல."

அவர் குனிந்து என் கண்ணைப் பார்த்தார்.

"நீ இருக்கியே பாப்பா" என்றார்.

அதன் பிறகு அவருடைய சாம்பல் நிறக் கார் எங்கள் தாமான் குடியிருப்பில், விளையாட்டுத் திடல் ஓரத்தில் நிற்க ஆரம்பித்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். என் கணவர் போய்ப் பேசினார். "காத்து வாங்குறேன் தம்பி" என்றாராம். போலீசில் சொன்னோம். அவர் ஏதாவது செய்தாரா என்று கேட்டார்கள். இல்லை. மிரட்டினாரா? இல்லை. பொது ரோட்டில் கார் நிறுத்துகிற கிழவரை என்ன செய்வது என்றார்கள்.

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "மா, அந்தத் தாத்தா ரொம்ப போலைட்லா. எவ்வளவு மெதுவா பேசுறாரு" என்றாள். என்ன பேசினார் என்றேன். "சும்மாதான். அம்மா போன்ல யாருகிட்டயெல்லாம் பேசுவாங்கன்னு கேட்டாரு."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸிலிருந்து அத்தைக்குப் போன் செய்தேன். மாமா என் வீட்டுக்கு வந்ததையும் தெருவில் காரோடு நிற்பதையும் சொன்னேன்.

"காடி என்ன கலரு பாப்பா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்படியே இரு."

செருப்பை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. இரும்புக் கிரில் இழுபட்டது. பூட்டு விழுந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு கதவு. இன்னொரு பூட்டு. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தை திரும்பி வந்து மூச்சு வாங்கினார்.

"அவரு எதுக்கு உங்க வீட்டுக்கு வந்தாரு?" என்றார். பிறகு அவராகவே, "அம்மா எங்க பாப்பா? அம்மாகிட்ட போனக் குடு" என்றார்.

சொன்னேன்.

அத்தை அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. சத்தம் போட்டு, அக்கா அக்கா என்று, அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி அழுதார். ஆபீஸில் எல்லாரும் திரும்பி என் போனைப் பார்த்தார்கள்.